எரிகுண்டுகள் ஏன் வழக்கொழிந்தன?

கிரேக்கத் தீ, பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குண்டு, காங்கிரீவ் ராக்கெட், மக்னீசியம் எரிகுண்டு, நேபாம். இவை ஒவ்வொன்றும் தன் காலத்தில் பேரச்சத்தைக் கிளப்பியவை. இன்று பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் இருப்பவை. இந்த வரிசையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஓர் ஆறுதலான முடிவு எளிதில் கிடைத்துவிடும்: மனிதர்கள் படிப்படியாகக் கொடுமையை உணர்ந்தார்கள், சட்டம் இயற்றினார்கள், தீயைப் போரிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பதே அது. சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இந்த முடிவு நிற்கவில்லை. எந்த எரி ஆயுதமும் கொடியது என்பதற்காக மட்டும் கைவிடப்படவில்லை. அது எரிக்க வேண்டிய இலக்கு மாறியபோது, அல்லது அதே வேலையைச் செய்ய வேறொன்று கிடைத்தபோதுதான் படைகள் அதை இறக்கி வைத்தன. சட்டமும் பெரும்பாலும் படைகள் விட்டுவிடத் தயாராக இருந்ததைத்தான் தடை செய்தது. அவை விடத் தயாராக இல்லாததற்கு வழி வைத்தது. அதனால் 'வழக்கொழிந்தது' என்று நாம் சொல்லும் ஆயுதம் பெரும்பாலும் தேவை வரும்வரை ஓரமாக வைக்கப்பட்ட ஆயுதமே.

தீயைப் போர்க்கருவியாக்குவதில் உள்ள சிக்கலை முன்னோர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பகைவர் நாட்டில் தீ பரப்புவதை வஞ்சித்திணையின் கூறுகளில் ஒன்றாகவே தொல்காப்பியம் வைக்கிறது. அர்த்தசாஸ்திரம் கோட்டையைத் தாக்கும் முறைகளைச் சொல்லும் இடத்தில் எரிபொருள் கலவைகளையும், பறவைகளின் வழியே தீ வைப்பதையும் விளக்குகிறது. ஆனால் அதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. வேறு வழியில் பிடிக்கக்கூடிய கோட்டைக்குத் தீ வைக்கக்கூடாது, தீ நம்பத்தக்கதல்ல, அது தெய்வக்குற்றம், மக்களையும் தானியத்தையும் கால்நடையையும் பொன்னையும் சேர்த்தே அழிக்கும், சாம்பலான கோட்டையைக் கைப்பற்றுவது வென்றவனுக்கும் நட்டம் என்கிறது. இந்த அறிவுரையில் அறமும் ஆதாயமும் ஒன்றாகவே இருக்கின்றன. ஆனால் தொடக்கத்திலேயே 'வேறு வழி இருந்தால்' என்ற நிபந்தனையும் இருக்கிறது. வேறு வழி இல்லாதபோது என்ன செய்வது என்பதற்கு அந்த நூல் தரும் விடை, முன்பு விளக்கிய அதே கலவைகள்தான். பின்வந்த இரண்டாயிரம் ஆண்டு வரலாறு இந்த நிபந்தனையைச் சுற்றியே ஓடியிருக்கிறது.

கிரேக்கத் தீ ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பைசாந்தியப் பேரரசின் கையில் வந்தது. சிரியாவிலிருந்து வந்த கல்லினிகஸ் என்பவர் அதைக் கொண்டுவந்ததாக வரலாற்றுக் குறிப்புகள் சொல்கின்றன. குழாய் வழியாகப் பகைவர் கப்பல்மீது பீய்ச்சப்பட்ட அந்த எரிதிரவம், கான்ஸ்டான்டிநோபிளை முற்றுகையிட்ட அரபுக் கடற்படைகளை 670களிலும் 717–718லும் விரட்ட உதவியது. அதன் கலவை கடும் இரகசியமாகக் காக்கப்பட்டது, பின்னர் தொலைந்தும் போனது. அந்த ஆயுதம் மறைந்ததற்கு யாருடைய மனமாற்றமும் காரணமல்ல. அதைச் செய்யும் அறிவும் மூலப்பொருளும் பேரரசின் கையை விட்டு நழுவின, அவ்வளவே.

மரக்கப்பல் காலத்தின் எரி ஆயுதங்கள் இன்னும் தெளிவான சான்று தருகின்றன. 1782 செப்டம்பர் 13 அன்று ஜிப்ரால்டரை முற்றுகையிட்ட ஸ்பானிய, பிரெஞ்சுப் படைகள் தடித்த மரச்சுவர் கொண்ட 10 மிதக்கும் பீரங்கித் தளங்களைக் கொண்டுவந்தன. மரத்தை ஈரமாக வைத்திருக்கத் தண்ணீர் ஓடும் ஏற்பாடுகூட அவற்றில் இருந்தது. கரையிலிருந்த பிரிட்டிஷார் இரும்புக்குண்டுகளை உலையில் சிவக்கக் காய்ச்சிச் சுட்டார்கள். குண்டு மரத்தின் ஆழத்தில் போய்ப் பதிந்து, வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனன்று, இரவில் தீயாக வெடித்தது. பத்துத் தளங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அதற்குப் பின் பல கடற்கரைக் கோட்டைகளில் குண்டு காய்ச்சும் உலைகள் எழுந்தன. 1860களில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு படி மேலே போய், உருக்கிய இரும்பை உள்ளே ஊற்றிச் சுடும் மார்ட்டின் குண்டுகளையும் சேர்த்துக்கொண்டது. அதே காலத்தில் கப்பலின் உடலே இரும்பாகிவிட்டது. எரிவதற்கு மரம் இல்லாதபோது காய்ச்சிய குண்டுக்கும் வேலை இல்லை. உலைகள் அணைந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ராக்கெட்டின் கதையில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலியின் படை கிழக்கிந்தியக் கும்பினிப் படையை முறியடித்தபோது, கும்பினியாரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியது போரின் போக்கையே மாற்றியது. மைசூர் ராக்கெட்டுகள்தான் அதற்குக் காரணம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இரும்புக் குழல் கொண்ட அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றிலிருந்து எரிமருந்து நிரப்பிய பெரிய ராக்கெட்டுகளை உருவாக்கினார். 1807 செப்டம்பர் தொடக்கத்தில், போரில் நடுநிலை வகித்த டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன்மீது அவையும், துளைகள் வழியே தீ கக்கும் 'கார்க்கஸ்' குண்டுகளும் மூன்று இரவுகள் பொழிந்தன. நகரின் பெரிய தேவாலயம் எரிந்து விழுந்தது, குடிமக்கள் பெருமளவில் இறந்தார்கள். பிரிட்டனிலேயே இதைக் கண்டித்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் காங்கிரீவ் ராக்கெட் மேலும் பல பத்தாண்டுகள் படையில் நீடித்தது. வரியிட்ட குழல் கொண்ட துல்லியமான பீரங்கிகள் வந்தபிறகுதான் அது ஓரங்கட்டப்பட்டது. கண்டனம் செய்யாததைக் குறிதவறாத பீரங்கி செய்து முடித்தது.

சட்டம் இந்த வரலாற்றுக்குள் நுழைந்த முதல் தருணமே என் வாதத்துக்கு மிக வலுவான சான்று. 1863இல் ரஷ்யப் படை, வெடிமருந்து வண்டிகளைத் தகர்ப்பதற்காக ஒரு வெடிதோட்டாவைச் செய்தது. பிறகு அது மனித உடல் போன்ற மென்பொருளில் பட்டாலும் வெடிக்கும்படி மாற்றப்பட்டது. அதைத் தாமும் பயன்படுத்த வேண்டாம், மற்றவரும் பயன்படுத்த வேண்டாம் என்று ரஷ்யா முன்வைத்ததன் விளைவே 1868ஆம் ஆண்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம். பகைவரின் படைபலத்தைக் குறைப்பதே போரின் நியாயமான நோக்கம், அதைத் தாண்டித் துன்பம் தருவது மனித நேயத்துக்கு எதிரானது என்ற உயர்ந்த கொள்கையை அது அறிவித்தது. 400 கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் அல்லது எரியும் குண்டுகளைத் தடை செய்தது. அந்த எடை தற்செயலாக வைத்ததல்ல. துப்பாக்கித் தோட்டா அதற்குள் அடங்கும், பீரங்கிக் குண்டு அடங்காது. படைகள் தமக்குத் தேவையில்லாததை விட்டுக்கொடுத்து, தேவையானதை வைத்துக்கொண்டன. அரை நூற்றாண்டுக்குள் தேவை வந்தது. முதல் உலகப்போரில் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய ஜெர்மன் வான்கப்பல்கள் 1915 மே 31 முதல் லண்டன்மீது குண்டு போட்டன. சாதாரணத் தோட்டா அவற்றின் வாயுப்பையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும், கப்பலோ தொடர்ந்து பறக்கும். எரியும் தோட்டா வேண்டியிருந்தது, செய்தார்கள். 1916 செப்டம்பரில் லீஃப் ராபின்சன் என்ற விமானி ஒரு வான்கப்பலை லண்டனுக்கு வடக்கே எரித்து வீழ்த்தியபோது நகரமே ஆரவாரித்தது. 1923இல் ஹேக் நகரில் வகுக்கப்பட்ட வான்போர் விதிகளின் வரைவு, விமானங்கள் எரிதோட்டா பயன்படுத்துவதற்குத் தடையில்லை என்று வெளிப்படையாகவே எழுதிக்கொண்டது. தேவை முன்னே போனது, சட்டம் பின்னே வந்து இடம் கொடுத்தது.

வான்கப்பல் மறைந்தது, ஆனால் வானிலிருந்து ஊரை எரிக்கும் எண்ணம் மறையவில்லை. 1918இல் ஜெர்மனி ஒரு கிலோ எடையுள்ள மக்னீசியக் கலவைக் குண்டைச் செய்து, லண்டன்மீதும் பாரிஸ்மீதும் ஆயிரக்கணக்கில் கொட்டத் திட்டமிட்டது. கடைசி நேரத்தில் தாக்குதல் நிறுத்தப்பட்டது. போர் தோற்பது தெரிந்துவிட்டது, பதிலடிக்கு ஆளாக ஜெர்மானியத் தலைமை விரும்பவில்லை. 1933இல் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் பிரிட்டன் வைத்த வரைவு எரி ஆயுதங்களை இரசாயன ஆயுதங்களோடு சேர்த்துத் தடை செய்ய முன்வந்தது. மாநாடு முறிந்தது, வரைவும் போயிற்று. நான்கே ஆண்டுகளில், 1937 ஏப்ரல் 26 அன்று, அதே ஒரு கிலோ வகைக் குண்டுகள் ஸ்பெயினின் குவெர்னிகாவை எரித்தன. 1940 டிசம்பர் 29 இரவில் லண்டன் நகரின் நடுப்பகுதி பற்றி எரிந்தது.

அந்தக் குண்டு எப்படி வேலை செய்தது என்று சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். அது பெரிதாக வெடிக்காது. கூரையைத் துளைத்துக்கொண்டு பரணில் விழும், அதன் உடலே எரிபொருளாகிச் சில நிமிடங்கள் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியோடு எரியும். உடனே பார்த்துவிட்டால் ஒரு வாளி மணலும், வாளித் தண்ணீரில் நட்டு ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு அடிக்கும் கைப்பம்பும் போதும், வீட்டுக்காரரே அணைத்துவிடலாம். லண்டன் மக்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். அந்த டிசம்பர் இரவுக்குப் பின் கட்டடந்தோறும் தீக்காவல் கட்டாயமாயிற்று. குண்டு செய்தவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். குண்டுகளில் சிலவற்றின் உள்ளே சிறிய வெடிமருந்தைச் சேர்த்தார்கள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியாதபோது மணல் வாளியோடு யாரும் கிட்டே போகத் துணியமாட்டார்கள் என்பது கணக்கு. இரு தரப்பும் இதைச் செய்தன. தீயை அணைக்க வருபவரைக் கொல்வதற்கென்றே ஆயுதம் திருத்தப்பட்ட அந்த இடத்தில், எரிகுண்டின் இலக்கு யார் என்ற கேள்விக்கு ஐயமே மிஞ்சவில்லை.

பிரிட்டன் செய்த நான்கு பவுண்டு மக்னீசியக் குண்டு அறுகோண வடிவில் இருந்தது, இடம் வீணாகாமல் அடுக்குவதற்காக. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 8 கோடிக் குண்டுகள் ஜெர்மன் நகரங்கள்மீது விழுந்தன. 1942 மார்ச்சில் லூபெக் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு, அதன் பழைய மரவீடுகள் எளிதில் பற்றும் என்பதும் காரணம். 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் தனித்தனித் தீக்கள் ஒன்றுகூடிப் புயலாயின, அந்தத் தாக்குதல்களில் ஏறத்தாழ 37,000 பேர் மாண்டார்கள். அமெரிக்கா இன்னும் முறையாகப் போனது. ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியலாளர் லூயிஸ் ஃபீசரின் குழு 1942இல் நேபாம் என்னும் எரிகூழை உருவாக்கியது. 1943இல் யூட்டா மாநிலத்தின் டக்வே பாலைவனத்தில் ஜெர்மன் குடியிருப்பும் ஜப்பானியக் குடியிருப்பும் அச்சு அசலாகக் கட்டப்பட்டன. ஜெர்மன் வீடுகளுக்கு எரிக் மென்டல்சோன், ஜப்பானிய வீடுகளுக்கு அங்கே நெடுங்காலம் வாழ்ந்த ஆன்டனின் ரேமண்ட் என்று கட்டடக் கலைஞர்களே ஆலோசனை தந்தார்கள். உள்ளே தட்டுமுட்டுச் சாமான்கள், பாய், படுக்கை வரை வைத்து, குண்டு போட்டு எரித்து, மறுபடி கட்டி, மறுபடி எரித்தார்கள். எத்தனை நிமிடத்தில் தீ கட்டுக்கடங்காமல் போகிறது என்று அளந்தார்கள். அளந்தது ஆலையையோ பாசறையையோ அல்ல, குடும்பம் உறங்கும் அறையை. 1945 மார்ச் 9–10 இரவில் 279 விமானங்கள் டோக்கியோமீது 1,665 டன் குண்டுகளைக் கொட்டின. சுமார் 41 சதுர கிலோமீட்டர் எரிந்தது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள்.

இவ்வளவு கண்ட பிறகாவது மனம் வருந்தி நகர எரிப்பைக் கைவிட்டார்களா? ஐந்து மாதம் கழித்து ஹிரோஷிமாவில் ஒரே விமானம் ஒரே குண்டால் அந்த வேலையைச் செய்தது. அதே அழிவைப் பழைய முறையில் செய்ய 220 விமானங்களும், வெடிகுண்டுகள் நீங்கலாக 1,200 டன் எரிகுண்டும் வேண்டியிருக்கும் என்று அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வுக்குழு பின்னர் கணக்கிட்டது. நான்கு பவுண்டுக் குண்டு வழக்கொழிந்ததன் விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அதைவிடப் பெரிய நெருப்பு கைக்கு வந்துவிட்டது. சில ஆயுதங்கள் தோல்வியால் ஒழிந்தன என்பதும் உண்மை. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை ஜப்பான் அமெரிக்கக் காடுகளை எரிக்க 9,000க்கும் மேற்பட்ட காகித பலூன்களைப் பசிபிக் கடலைத் தாண்டி விட்டது. குளிர்கால ஈரத்தில் காடு பற்றவில்லை. ஆனால் ஓரிகன் மாநிலத்தில் சுற்றுலா போன ஒரு பெண்ணும் ஐந்து சிறுவர்களும் அதில் ஒன்றுக்குப் பலியானார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நேபாம் விஷயத்தில் மக்கள் கொதித்தெழுந்தது வேலை செய்யவில்லையா? கொரியப் போரில் 32,000 டன்னுக்கு மேலும், வியட்நாமில் சுமார் 3,88,000 டன்னும் கொட்டப்பட்ட அந்த ஆயுதத்தை எதிர்த்து, அதைத் தயாரித்த டவ் நிறுவனத்தின் ஆளெடுப்பாளர்களை மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் மறித்தார்கள். 1972 ஜூன் 8 அன்று டிராங் பாங் சாலையில் உடல் வெந்து ஓடிவந்த சிறுமி கிம் ஃபுக்கின் படம் உலகை உலுக்கியது. எட்டு ஆண்டுகளில் எரி ஆயுதங்களைக் கட்டுப்படுத்தும் ஐ.நா. உடன்படிக்கையும் வந்தது. இந்த மறுப்பில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். வெட்கம் ஒரு சக்திதான், அது இல்லாவிட்டால் 1980ஆம் ஆண்டின் உடன்படிக்கையே இல்லை. ஆனால் வெட்கம் எதைப் பிடித்தது, எதை விட்டது என்று பார்க்க வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட குண்டையும் அதன் பெயரையும் பிடித்தது. அமெரிக்கா தன் நேபாம் கையிருப்பை அழித்து முடித்தது 2001இல். 2003இல் ஈராக்கில் அமெரிக்க மரைன் படை மார்க் 77 எரிகுண்டுகளைப் போட்டது. இது நேபாம் அல்ல என்ற மறுப்பு முதலில் வந்தது. எரிபொருள் வேறு, விளைவு ஏறக்குறைய ஒன்றே என்ற ஒப்புதல் பிறகு வந்தது. முதுகில் சுமக்கும் தீயுமிழ் கருவியை அமெரிக்கப் படை 1978இல் விட்டது. அதை எந்த உடன்படிக்கையும் தடை செய்திருக்கவில்லை. சுமப்பவருக்கே ஆபத்தான, சிறிது தூரமே எட்டும் கருவி அது என்பதும், எட்ட நின்று ஏவும் ஆயுதங்கள் வந்துவிட்டன என்பதும் அதற்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

1980 அக்டோபரில் ஏற்கப்பட்டு 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையின் மூன்றாம் நெறிமுறையை வாசித்தால் இதே கணக்கு வரிக்கு வரி தெரியும். குடிமக்கள் திரண்டிருக்கும் இடத்தில் விமானத்திலிருந்து எரிகுண்டு போடுவது முற்றாகத் தடை. தரையிலிருந்து பீரங்கியாலோ ராக்கெட்டாலோ எய்தால் தடை தளர்ந்துவிடுகிறது. இலக்கு குடிமக்களிடமிருந்து தெளிவாகப் பிரிந்திருந்து, முன்னெச்சரிக்கைகளும் எடுக்கப்பட்டால் எய்யலாம். தீ வைப்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டதே எரி ஆயுதம் என்கிறது வரையறை. புகை, வெளிச்சம் ஆகியவற்றுக்காகச் செய்த குண்டு தற்செயலாக எரித்தால் அது கணக்கில் வராது. விமானங்களுக்குக் குறிதவறாத குண்டுகள் கிடைத்துவந்த காலத்தில் நேபாமை விடுவது எளிதாக இருந்தது. காற்றுப் பட்டாலே எரியும் வெள்ளை பாஸ்பரஸ் அடைத்த புகைக்குண்டு பீரங்கிப் படைக்கு அன்றாடத் தேவை, அதை விட மனம் வரவில்லை. 1868இல் 400 கிராமில் விழுந்த கோடு, 1980இல் வானுக்கும் தரைக்கும் இடையே விழுந்தது.

விட்டுவைத்த வழியாகவே தீ திரும்பி வந்ததில் வியப்பில்லை. 2004இல் ஃபலூஜாவில் பதுங்கியவர்களை வெளியே துரத்த வெள்ளை பாஸ்பரஸ் பயன்பட்டதை அமெரிக்கப் பீரங்கிப் படையின் சொந்த இதழே பதிவு செய்தது. 2009 ஜனவரியில் காஸாவில் ஐ.நா. நிவாரண முகமையின் கிடங்கு அதே பொருளால் எரிந்தது. 2013இல் மக்கள் நெருக்கமான இடங்களில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதாக இஸ்ரேல் சொன்னது. 2023இல் காஸாவிலும் லெபனானிலும் அது மீண்டும் பயன்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. கிழக்கு உக்ரைனில் 2014இலும், 2022க்குப் பின்னும் இரவு வானிலிருந்து வெள்ளைப் பொறிகளாக இறங்கியவை பெரும்பாலும் கிராட் ராக்கெட்டின் எரி வகை. ஒவ்வொரு ராக்கெட்டும் 180 சிறு துண்டுகளைத் தூவும், அவை அறுகோண வடிவ மக்னீசியக் கலவை. தரையிலிருந்து எய்யப்படுவதால் கடுமையான தடைக்கு வெளியே நிற்கின்றன. ஹாம்பர்க்கை எரித்த குண்டின் வடிவமும் உலோகமும் கொண்ட ஒன்று இன்றும் படைக்கிடங்கில் இருக்கும்போது, அந்த வகை ஆயுதம் வரலாறாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

இன்னும் இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாவு சாவுதான், வெடிகுண்டால் செத்தால் என்ன, தீயால் செத்தால் என்ன என்பது ஒன்று. வெடிகுண்டு விழுந்த இடத்தோடு அதன் வேலை முடிகிறது. தீ விழுந்த இடத்தில்தான் தொடங்குகிறது. எய்தவர் நினைத்தாலும் நிறுத்த முடியாது. தீயை நம்ப முடியாது என்று அர்த்தசாஸ்திரம் சொன்னதும் இதைத்தான். காயமும் வேறு. வெள்ளை பாஸ்பரஸ் துணுக்கு உடலில் தங்கிவிட்டால், கட்டுப் பிரிக்கும்போது காற்றுப் பட்டு மறுபடி எரியும். கடும் தீக்காயத்துக்கு மாதக்கணக்கில் சிகிச்சை, தோல் ஒட்டும் அறுவை, தொற்றில்லாத அறை எல்லாம் வேண்டும், போர் நடக்கும் ஊரில் இவை இருப்பதில்லை. அடுத்த மறுப்பு, படைவீரர்கள் மறைந்து நகரப் புகை தேவை, அதைத் தடை செய்தால் அவர்கள் உயிர் போகும் என்பது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பாஸ்பரஸ் இல்லாத புகைக்குண்டுகளும் படைகளிடம் உண்டு. திறந்தவெளிப் போர்க்களத்தில் புகை எழுப்புவதையும், குடியிருப்பின்மேல் எரிதுணுக்குகள் சிதறுவதையும் சட்டம் தனித்தனியாகப் பார்க்கலாம். தேவை என்ற சொல்லுக்குள் இரண்டையும் ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

படைப் பட்டியலிலிருந்து நீக்கியதால் ஆயுதம் உலகிலிருந்து நீங்கிவிடுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1940இல் பிரிட்டிஷ் ஊர்க்காவல் படைக்காகப் பாஸ்பரஸ் அடைத்த கண்ணாடிக் குப்பிகள் லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அப்போது புதைத்தவை பல பத்தாண்டுகள் கழித்தும் தோட்டங்களிலும் கட்டடப் பணிகளிலும் கிளம்பிவந்திருக்கின்றன. ஜெர்மனியின் பால்டிக் கரையில், உசெடோம் தீவில், பழைய எரிகுண்டுகளிலிருந்து வந்த பாஸ்பரஸ் கட்டிகள் இன்றும் ஒதுங்குகின்றன. பார்க்க அம்பர் கல் போலவே மஞ்சளாக இருக்கும். பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டவருக்கு, ஈரம் உலர்ந்ததும் உடம்போடு பற்றிக்கொள்ளும். வீசப்பட்டு எண்பது ஆண்டு ஆன ஆயுதம், அந்தப் போரைப் பார்த்தேயிராதவரை எரிக்கிறது.

ஆகவே எரி ஆயுதங்களின் வரலாறு கற்பிக்கும் பாடம், சட்டத்தால் பயனில்லை என்பதல்ல. தேவை இல்லாத காலத்தில் இயற்றும் சட்டத்தைத் தேவை வரும் காலத்துக்காக எழுத வேண்டும் என்பதே அந்தப் பாடம். 1868இலும் 1980இலும் படைகளின் அன்றைய வசதியைப் பார்த்துக் கோடு போட்டார்கள்; வசதி மாறியதும் கோடு கைகொடுக்கவில்லை. மூன்றாம் நெறிமுறையில் இரண்டு திருத்தங்கள் போதும். ஓர் ஆயுதத்தை அதைச் செய்தவரின் நோக்கத்தைக் கொண்டு வரையறுக்காமல், அது பட்ட உடலுக்கும் ஊருக்கும் என்ன செய்கிறது என்பதைக் கொண்டு வரையறுப்பது ஒன்று. வானிலிருந்து விழுந்தாலும் தரையிலிருந்து வந்தாலும் குடிமக்கள் நடுவே ஒரே தடை என்பது இன்னொன்று. இவற்றைப் பல நாடுகளும் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் கேட்டு வருகின்றன, உடன்படிக்கை மாநாடுகளில் ஒருமித்த இசைவு கிடைக்காமல் தள்ளிப்போகிறது. இசைவு தராத நாடுகள் சொல்லும் காரணம் எதுவானாலும், அதன் பொருள் ஒன்றுதான்: இந்த ஆயுதம் தமக்கு மறுபடி தேவைப்படலாம் என்று அவை நினைக்கின்றன. அவை அப்படி நினைக்கும்வரை எரிகுண்டு வழக்கொழிந்துவிட்டது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.